மொட்டைமாடியில் ஒன்பது செங்கல்

இப்போதெல்லாம் யாரும் கேட்டுவிட்டு எழுதுவதில்லை. எழுதி முடித்துவிட்டு, இங்கே ஒரு கையெழுத்துப் போடு என்கிறார்கள். மனை விற்கப் போனால் அப்படி, ரேஷன் அட்டை மாற்றப் போனால் அப்படி. போலீஸ் ஸ்டேஷனிலும் அதே கதைதான். நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, என் மாடியில் குடியிருந்த தோத்தாத்ரி கால் தவறி விழுந்து இறந்தான் என்று ரைட்டர் எழுதி வைத்திருந்தார்.

கால் தவறவில்லை என்றேன். அவன் வழக்கம்போலத்தான் கால் வைத்தான், செங்கல்தான் அங்கே இல்லை என்றேன்.

“இன்னா பெருசு, உளர்றியா?”

“உளறலே. அத்தயும் சேத்து எய்துங்க.”

அவர் எழுதவில்லை. எழுந்துபோய் இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

என் பெயர் ஏகநாதன். சிட்லபாக்கம் ஏரிக்குக் கீழே எங்களுக்கு நிலம் இருந்தது. பயிர் வைத்தது போய் மனை போட்டு விற்றோம். மிச்சத்தில் ஒரு மாடி வீடு கட்டினேன். மொட்டைமாடிக்கு மூன்று பக்கம் கைப்பிடிச் சுவர். வடக்கே மட்டும் சுவர் கிடையாது. பிறகு ஓர் அறை இழுத்துக் கட்டலாம் என்று கம்பியை நீட்டி விட்டிருந்தேன். அதற்கு நேர் கீழே கீற்றுத் தட்டி வைத்த குளியலிடம், மேலே கூரை இல்லாதது. மகன் அரிகிருஷ்ணன் சவூதியில் இருக்கிறான். மருமகள் பொன்னி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலைக்குப் போகிறாள். ஏழு மணிக்குத் தலையெல்லாம் பஞ்சும் நூலுமாக வருவாள். வந்ததும் குளிப்பாள்.

தோத்தாத்ரி தொண்ணூற்றிரண்டில் குடிவந்தான். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் படம் வரைகிற வேலை. நாற்பது வயது, கல்யாணம் இல்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காதவன் மாதிரி முகம். அந்த மாதிரி முகத்தை நான் நம்பியதில்லை.

வந்த புதிதில் மாதக் கணக்காக ஒரு கண்ணாடிமேல் இன்னொரு கண்ணாடியை வைத்துத் தேய்த்தான். பிறகு ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்து மாடியில் நிறுத்தினான். வியாழனையும் சனியையும் படம் பிடிக்கப் போகிறேன் என்றான். நாமெல்லாம் கோயிலில் கும்பிட்டுச் சுற்றுகிற கிரகங்களை இவன் படம் பிடிப்பானாம்.

ஒருநாள் அந்தக் கண்ணாடியைக் கீழே குழாயடியில் கழுவினான். எங்கே பொருத்துகிறான் என்று கூடவே போய்ப் பார்த்தேன். குழாயின் அடிமுனையில் பொருத்தினான். மேல்முனை திறந்து கிடந்தது, உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துண்டுக் கண்ணாடி. சாப்பாட்டுத் தட்டு அளவுக் கண்ணாடி அடியில்தான். கண்ணாடி இருக்கிற பக்கம்தானே பார்வை இருக்கும், இதற்குப் படிப்பு எதற்கு? வியாழன் தெற்கே இருக்கிறது என்று மேல்முனையைத் தெற்கே தூக்குவான். அடிமுனை வடக்கே சரிந்து, நேராக எங்கள் தட்டியைப் பார்க்கும். அவனோ பக்கவாட்டில் கண்ணை வைத்துக்கொண்டு ஆடாமல் நிற்பான்.

“இன்னா சார், கீழ இன்னா பாக்கறே?” என்று நேராகவே கேட்டேன்.

“கீழே இல்லை பெரியவரே, மேலே. வாங்கோ, நீங்களே பாருங்கோ.”

நான் பார்க்கவில்லை. கண்ணை வைத்துவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு நாள் ஒரு படத்தைக் கொடுத்தான். ஒரே கறுப்பு, நடுவே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு வட்டம், அதில் மங்கலாக இரண்டு கோடு. ஒரு ரோலில் முப்பத்தாறு எடுத்தால் இப்படி ஒன்று தேறும் என்றான். மற்ற முப்பத்தைந்தில் என்ன இருந்தது என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

பொன்னி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “நாலு குட்டி நெலா கீது மாமா, புள்ளி புள்ளியா. அவரு மேலதான் பாக்கறாரு. நீங்க ஏன் சும்மா பேஜார் பண்றீங்க?” என்றாள். அவனுக்காக அவள் பேசியதைக் கவனித்துக்கொண்டேன். மகன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தபோது சொன்னேன். “நைனா, அது டெலஸ்கோப்பு. வுடு,” என்று வைத்துவிட்டான். காலி பண்ணு என்று தோத்தாத்ரியிடமே சொன்னேன். தை வரை அக்ரிமெண்ட் இருக்கே என்று சிரித்தான். தெருவில் சொன்னேன், தெருவும் சிரித்தது. என் மண், என் வீடு, என் வீட்டுப் பெண். நான் சொல்வதைக் கேட்க ஓர் ஆள் இல்லை.

தொண்ணூற்றிநாலு ஜூலையில் ஒரு வால்நட்சத்திரம் துண்டு துண்டாக உடைந்து வியாழன்மேல் விழுகிறது என்று பேப்பரிலெல்லாம் போட்டிருந்தது. விழுந்த இடத்தில் கறை தெரியும், அதைப் படம் எடுக்க வேண்டும் என்று தோத்தாத்ரி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். நாலைந்து நாளாக மாலையில் மேகம். “ஆயுசுக்கும் ஒரு தடவைதான் பெரியவரே. அரை மணி விலகினால் போதும்,” என்று என்னிடமே வந்து சொல்வான். சொல்ல அவனுக்கும் வேறு ஆள் இல்லை.

படம் எடுக்க அவன் ஒரு முறை வைத்திருந்தான். கேமராவைக் குழாயில் மாட்டுவான். அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் டியூப், நுனியில் ஒரு பந்து, அமுக்கினால் படம் விழும். கிட்டே நின்றால் குழாய் ஆடும் என்று, பந்தைக் கையில் பிடித்தபடி பார்வையைக் குழாயிலிருந்து எடுக்காமல் பின்பக்கமாகவே வடக்கே நடப்பான். தெற்கே தென்னை மறைப்பதால் குழாயே வடக்கு ஓரமாகத்தான் நின்றது. விளிம்புக்கு மூன்றடி முன்னால், என்னிடம் கேட்டு வாங்கிய ஒன்பது செங்கலை வரிசையாக வைத்திருந்தான். குதிகால் செங்கலில் இடித்ததும் நிற்பான். ஆட்டம் அடங்கட்டும் என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவான், பந்தை அமுக்குவான். இரண்டு வருஷமாக அந்த எண்ணிக்கையைக் கீழே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

ஒருநாள் பகலில், அவன் வேலைக்குப் போயிருந்தபோது, அந்தச் செங்கலைக் கீழே இறக்கினேன். மூன்று மூன்றாக, மூன்று நடை. என் செங்கல், நான் எடுத்தேன். குளியலிடத்தில் துவைக்கிற கல் சாய்ந்துகொண்டிருந்தது, அதற்கு அண்டக் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது.

அன்று மாலை மேகம் விலகிவிட்டது. தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினான். கொஞ்சம் இருட்டியதும் மேலிருந்து குரல் வந்தது. “பெரியவரே, மாடிப்படி லைட்டை அணைச்சுடுங்களேன்.”

அணைத்தேன்.

“தேங்க்ஸ்,” என்றான்.

குழாயைத் திருப்பி, கேமராவை மாட்ட அவனுக்குக் கால் மணி நேரம் ஆகும். செங்கல் அங்கே இல்லை என்று சொல்ல எனக்கும் அந்தக் கால் மணி நேரம் இருந்தது. எண்ணிக்கைக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று என்கிற சத்தம் வரவில்லை.

தட்டியைப் பிய்த்துக்கொண்டு குளியலிடத்துச் சிமெண்டுத் தரையில் விழுந்தான். இதையும் யோசிக்க வேண்டும். அந்தப் பக்கம் நினைப்பே இல்லாதவன் அங்கே ஏன் விழ வேண்டும்? பொன்னி குளித்துவிட்டு உள்ளே போய் ஐந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஓடிவந்து அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவனுக்குக் கொஞ்சம் நினைவு இருந்தது.

“மேகம் வந்துடுத்தா?” என்று கேட்டான்.

பொன்னி அண்ணாந்து பார்த்தாள். “இல்லண்ணா, நல்லா தெளிவா கீது,” என்றாள். ஆட்டோ வருவதற்குள் அடங்கிவிட்டான்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். அடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மாலையில், தோத்தாத்ரியின் சிநேகிதர் சுந்தரராமன் என்பவரை வரவழைத்து, அதே குழாயை ஸ்டேஷன் மாடியில் வைக்கச் சொன்னார். என்னையும் மேலே கூட்டிப்போனார்கள். சுந்தரராமன் என் முகத்தைப் பார்க்காமல், “கண்ணை வைங்க,” என்றார்.

வைத்தேன். வெளிச்சமாக ஒரு வட்டம், குறுக்கே பழுப்புக் கோடு, ஓரத்தில் மை சிந்தின மாதிரி கறுப்புக் கறை இரண்டு.

“இப்ப மேல் வாயை அட்டையால மூடுறேன், பாருங்க.” இருட்டாகிவிட்டது.

“இப்ப அடிப்பக்கம் பூரா கோணியைச் சுத்துறேன்.” வட்டம் அப்படியே இருந்தது.

மூன்று தடவை செய்துகாட்டினார். “இவ்வளவுதான் பெரியவரே. வானம் தவிர இதுல வேற எதுவும் தெரியாது. இதைத்தான் அவன் உங்களைப் பார்க்கச் சொன்னான்,” என்றார்.

அட்டை அவர் கையில், கோணியும் அவர் கையில், குழாயும் அவர்கள் கூட்டத்துக் குழாய். எனக்கு எதைக் காட்ட வேண்டுமோ அதைக் காட்டுவார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். “பெரியவரே, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு எப்ப குளிக்கப் போவுது, எப்ப முடிச்சுட்டு வருதுன்னு நிமிஷக் கணக்கா சொல்றியே. ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“இதின்னா கேள்வி சார். தெனமும் கட்டில்ல குந்திகினு பாத்துகினுதானே இருந்தேன், எவன் பாக்கறான்னு.”

சுந்தரராமன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட வந்த கான்ஸ்டபிள் என் கையைப் பிடித்திருந்ததை விட்டுவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். இந்தக் காலத்து ஆட்களுக்கு எதற்குத்தான் முகம் சுளிப்பது என்று தெரிவதில்லை.

நான் படிக்கட்டுப் பக்கம் நடந்தேன். இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்தக் குழாயின் அடிமுனை இப்போதும் வடக்கேதான் சரிந்திருந்தது. வடக்கே வரிசையாக வீடுகள் இருந்தன.