பூவராகனின் பகல் சார்ஜிங் திட்டம்

மேடையில் வீற்றிருக்கும் குழு உறுப்பினர்களே, முன்வரிசையில் இருக்கும் திருமதி சரிதா பூவராகன் அவர்களே, தாம்பரத்திலிருந்தும் பள்ளிக்கரணையிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம். தென்புறநகர் மின் விரிவாக்கக் குழுவின் தலைவன் ஷ்யாம்சுந்தர் பேசுகிறேன். பூவராகனைப் புகழ எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் பேசத்தான் வேண்டும்.

திட்டப் பொறியாளர் பூவராகன்! போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போன பூவராகன்! நாமெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து மின்தேவையைக் கணித்தபோது, தெருத்தெருவாகப் போய், "வண்டிக்கு எப்போ சார்ஜ் போடுவீங்க?" என்று கேட்டவர் யார்? அவர்தானே!

ஒருமுறை என்னையும் பெரும்பாக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மின் ஆட்டோ ஓட்டும் பொன்னி, இதோ பின்னால் இருக்கிறார், என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், ஏழு மணி ஆனா போதும், எல்லாரும் வண்டிக்கு சார்ஜ் போட்றாங்க, வூட்ல ஃபேனே சுத்த மாட்டேங்குது. ஆட்டோவுக்கு சார்ஜ் போட்டா புள்ளைங்க வேர்த்துகினு கெடக்குதுங்க, போடலன்னா நாளைக்கு சோறு இல்ல. நான் இன்னா சார் பண்றது?"

பூவராகன் சொன்னார்: "உன் மேல தப்பு இல்லம்மா. மத்தியானம் மாடி சோலார்ல கரண்ட் எக்கச்சக்கமா வருது. அப்போ சார்ஜ் போடத்தான் உனக்கு இடமில்ல. அதைக் கேட்டு வாங்கறது என் வேலை."

அதுதான் அவர் திட்டம். ஆட்டோ ஸ்டாண்டுகளில் சோலார் கூரை, பகல் நேர சார்ஜிங், பெரும்பாக்கத்துக்கு இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர். நம்மில் யாராவது எதிர்த்தோமா? இல்லை. பிறகு ஏன் நிறைவேறவில்லை?

என்னால்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் அதைக் கடைசிப் பொருளாகவே வைத்தேன். மற்றவர்களின் திட்டத்தைத் தள்ளிப்போட்டால் அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பூவராகன் நம்ம ஆள், கோபிக்க மாட்டார் என்ற எண்ணம். அவர் முறை வருவதற்குள் டீ வரும். டிராஃபிக் என்று ஒருவர் கிளம்புவார், ஏர்போர்ட் போகணும் என்று இன்னொருவர் எழுந்து போவார். தீர்மானம் போட ஆள் போதாது. "அடுத்த தடவை பாத்துக்கலாம்யா" என்பேன். "சரி சார்" என்பார்.

நேற்று சரிதா அம்மாவைப் பார்க்கப் போனேன். "அவருக்கு உங்க மேல கோபமே இல்ல சார். அதான் எனக்கு ஆத்திரமா வருது" என்றார்.

இப்போது மேடையைப் பாருங்கள். உறுப்பினர்கள் அத்தனை பேரும் வந்திருக்கிறோம், ஒருவர் பாக்கியில்லை! அவர் உயிரோடு இருந்தபோது ஒரு நாளாவது இப்படி வந்தோமா? சே, வெட்கமாக இருக்கிறது.

அடுத்து மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறார்கள். வேண்டாம் ஐயா. அந்த மனிதர் விஷயத்தில் நாம் வாய் மூடி இருந்தது போதும். அவர் பணியைத் தொடர்வோம் என்று கைதட்டலுக்காகச் சொல்லவும் மாட்டேன். உறுப்பினர்களே, யாரும் எழுந்து போகாதீர்கள். தீர்மானம் போட இன்று ஆள் இருக்கிறது. பூவராகனின் திட்டத்தை இப்போதே, இங்கேயே எடுக்கிறேன். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்.