தண்ணியில்லாக் காட்டுக்கு வந்த தூண்டில்

மேடையில் இருக்கும் ஊழியர் சங்கத் தலைவர் பால்சாமி ஐயா அவர்களே, அலுவலகத் தோழர்களே, வேலாயி ஏந்தலிலிருந்து டிராக்டரில் வந்திறங்கி, நாற்காலி போதாமல் வாசல்வரை நிற்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒன்பது ஆண்டுகளாகத் தட்டச்சு இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றதில்லை. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அழுவதற்காக நான் இங்கே ஏறவில்லை.

வரைவாளர் அருஞ்சுனை அம்மையார்! எங்கள் எல்லோருக்கும் அருஞ்சுனை அக்கா! நாற்பத்தெட்டு வயதில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. இந்த மேசைமேல் மாலை போட்டு வைத்திருக்கிறீர்களே பிரம்புத் தூண்டில், இதுதான் அவர் விட்டுச் சென்ற சொத்து. இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சங்கக் கட்டடத்தில் மாட்டலாம் என்று சற்று முன்பு ஒரு தோழர் சொன்னார். மாட்டலாமா? அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் இந்தத் தூண்டிலின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1989 ஜூன் மாதம். தாமிரபரணிப் பக்கம் வேலை பார்த்த அக்கா, ஒரு பொய்யான வரைபடத்தில் கையெழுத்திட மறுத்தார். அதற்காக இங்கே தூக்கியடித்தார்கள். கையில் ஒரு தகரப் பெட்டி. துணி உறையில் மூன்று துண்டுப் பிரம்பு. அணைக்கட்டு பங்களாவில் சமையல்காரராக இருந்த அவருடைய அப்பாவுக்கு, ஊர் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் கொடுத்துவிட்டுப் போன தூண்டில் அது. நடுத்துண்டு நீளவாக்கில் பிளந்திருந்தது. துண்டுகளை இணைக்கும் பித்தளைப் பூண் ஆடியது. நுனி வளைந்து கிடந்தது.

அன்றைக்கு எங்கள் நில அளவை அலுவலகம் சிரித்த சிரிப்பு! "ஏம்மா, தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துனா எல்லாரும் குடத்தத் தூக்கிட்டு வருவாக. நீங்க தூண்டிலத் தூக்கிட்டு வந்திருக்கீக!" என்றார் ஒருவர்.

அக்கா உறையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "தூண்டில் இருக்குல்லா சார். தண்ணி வரட்டும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைச் செப்பனிடுவார். டீக்கடை பாய்லர் ஆவியில் நுனியைக் காட்டிக் காட்டி வளைவை நிமிர்த்தினார். கடைக்காரர் பொன்னுச்சாமி அண்ணன், இதோ முன்வரிசையில் இருக்கிறார், ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டார்: "யக்கா, டீ குடிக்க வாரவன் பூரா, இங்க பாம்புக்கு வைத்தியம் பாக்குறீகளான்னு கேக்கான்!" அதற்கும் அக்கா சிரித்தாரே தவிர, பிரம்பை எடுக்கவில்லை.

1992இல் அந்தக் கோப்பு வந்தது. வேலாயி ஏந்தல் கண்மாயில் இருபது ஆண்டுகளாகத் தண்ணீர் இல்லையாம். ஆகவே வரைபடத்தில் 'கண்மாய்' என்பதை அழித்துத் 'தரிசு' என்று எழுத வேண்டுமாம். பிறகு வீட்டுமனை போடலாம்! அக்கா பஸ் ஏறிப் போனார். முள்ளுக்குள் நுழைந்து, தூர்ந்துபோன வரத்துக்கால்வாயைக் கண்டுபிடித்தார். ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு சேர்ந்துகொண்டார்கள். நவம்பரில் மழை கொட்டியது. கண்மாயில் தண்ணீர் நின்றது! மனைக்காரர்கள் விட்டார்களா? "நாலு நாள் மழைத்தண்ணி, தானா வத்திரும்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜனவரியில் விசாரணை என்று தேதி குறித்தார்கள்.

விசாரணை நாளில் மீன் பிடித்துக் காட்ட வேண்டும் என்று, அப்போதுதான் அக்கா நடுத்துண்டின் பிளவைக் கட்ட நூல் கேட்டார். நூலுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? அப்பா தறிக்காரர். பாவு நூலில் ஒரு கண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். "கஞ்சி போட்ட நூலுக்கா. வெறைப்பா நிக்கும், மேல வார்னிஷே வேண்டாம்" என்று சொன்னவளும் நான்தான். பட்டம் வாங்கியவள் சொல்கிறேன் அல்லவா, அக்கா நம்பிவிட்டார்.

விசாரணைக்குப் பதினைந்து நாள் முன்பு, ஊரே கரையில் கூடி நிற்க, அக்கா தூண்டிலை வீசிப் பார்த்தார். மூன்றாவது வீச்சில் கஞ்சி கரைந்தது. கட்டு அவிழ்ந்தது. பிளவு வாயைத் திறந்தது. நுனித்துண்டு தண்ணீரில் மிதந்தது. "ஏலே, மீனு தூண்டிலப் புடிச்சிருச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள். எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது.

அக்கா என்னைத் திட்டவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துண்டை எடுத்து வந்தார். "வெறைப்பா நின்னா மட்டும் பத்தாதுட்டி. நனைஞ்சாலும் நிக்கணும்" என்றார். அந்த வாரமே நூலை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைக் கழுவினோம். காயவைத்துத் தேன்மெழுகு தடவினோம். பிளவில் பசை விட்டு, ஒரு சுற்றை ஒட்டி மறுசுற்றாக நெருக்கிக் கட்டினோம். மூன்று முறை வார்னிஷ், ஒவ்வொரு பூச்சையும் ஒரு முழு நாள் காயவிட்டோம்.

விசாரணை நாள் வந்தது. மனைக்காரர் வெள்ளைச் சட்டையில் நின்றார். விசாரிக்க வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மீன் பிடிக்க எதுக்கும்மா இந்தத் தூண்டில்? பருத்திமாரு குச்சி போதாதா?" என்றார் மனைக்காரர். கரையெல்லாம் சீமைக்கருவேல முள். அதைத் தாண்டி மடைப் பள்ளத்துக்கு எட்ட அந்தப் பன்னிரண்டடிப் பிரம்புதான் வேண்டியிருந்தது. அக்கா வீசினார். முக்கால் மணி நேரம்! அதிகாரி ஜீப்பில் ஏறக் கால் வைத்தபோது பிரம்பு வில்லாக வளைந்தது. கட்டு அசையவில்லை. சாண் நீளக் குரவை மீன் அதிகாரியின் செருப்பருகே விழுந்து துள்ளியது!

கூட்டத்திலிருந்து வேலாயி ஏந்தல் ஜக்கம்மாள் கேட்டாரே ஒரு கேள்வி: "ஏஞ்சாமி, நாலு நாள் தண்ணியில சாண் மீனு எப்படி வளந்துச்சு? நீங்க என்ன எரு போட்டீக?"

வரைபடத்தில் 'கண்மாய்' கண்மாயாகவே நின்றது.

தோழர்களே, ஏன் இதையெல்லாம் சொல்கிறேன்? அக்காவுக்குப் பதினாறாம் நாள்கூட முடியவில்லை. அதே கோப்பு மறுபடியும் புறப்பட்டுவிட்டது! அதே கண்மாய், அதே 'தரிசு'! அக்கா இல்லை என்ற தைரியம்! தட்டச்சு செய்ய என் மேசைக்கே வந்தது. நான் தட்டவில்லை. தட்டமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"பாத்து நடந்துக்க தாயி, மாத்திருவாக" என்கிறார்கள். எங்கே மாற்றுவார்கள்? தண்ணியில்லாக் காட்டுக்கா? நான் பிறந்ததே அங்குதான்!

ஆகவே, கண்ணாடிப் பெட்டி கேட்ட தோழரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தூண்டிலை மாட்ட முடியாது. மாலையைக் கழற்றிவிட்டு இன்றே எடுத்துப் போகிறேன். பூண் மறுபடி ஆடுகிறது, இறுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அளப்பதற்கு வருகிறார்கள். இது மே மாதம். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நாங்கள் அந்தக் கரையில் இந்தத் தூண்டிலோடு உட்கார்ந்திருப்போம். வருகிறவர்கள் எல்லோரும் வாருங்கள்.

சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தண்ணீர் எங்கே என்று கேட்பார்கள். அருஞ்சுனை அக்காவின் பெயரால் நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம்:

தூண்டில் இருக்கிறது. தண்ணீர் வரட்டும்!