ஆறு அறைகளின் அளவு

என் கடையில் இரண்டு கதிரைகள்தான் இருக்கின்றன. யாராவது வந்தால் நான் எழுந்து நின்றுகொள்வேன், ஐயா. லா சப்பல் கடைத்தெருவில் நகை பார்க்க வருகிறவர்களில் பலர் நாள் முழுதும் நின்று வேலை செய்கிறவர்கள். ஒரு மனிதனை இருக்கச் சொல்லி ஒரு தேநீர் கொடுப்பது கடவுளுக்குச் செய்வது என்று நம்பித்தான் இத்தனை வருடம் கடை நடத்தினேன்.

வாமதேவனும் அப்படி வந்து இருந்தவன்தான். உணவகத்தில் சமையல் வேலை, வீடு நகருக்கு வெளியே சார்செலில். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கோயிலுக்குப் போவோம். அன்னதானத்தில் அவன் சோறு போட, நான் பருப்பு ஊற்றுவேன். எனக்குக் குடும்பம் இல்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்கள்.

பிறகு வேலையிடத்து நண்பன் ஒருவன் அவனைத் துப்பாக்கி சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலை விட்டு அங்கேயே போகத் தொடங்கிய வாமதேவன் ஒரு ரிவால்வர் வாங்கினான். பழைய காலத்து மாதிரியில் இப்போதும் செய்கிறார்கள். சுழலும் உருளையில் ஆறு அறைகள்; ஒவ்வொன்றிலும் கரிமருந்து போட்டு ஈயக் குண்டை இறுக்க வேண்டும். நாட்டில் நடந்த சண்டைக்குத் தப்பி இங்கே வந்தவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன்.

"கடதாசியைத்தானே அண்ணை சுடுறன். அதுவும் படுகுதில்லை. கடதாசி என்னைப் பாத்துச் சிரிக்குது."

அவன் மனைவி ஞானமலர் கடைக்கு வந்து அழுதாள். "நீங்கள் சொன்னால் கேப்பார் அண்ணை. அந்தச் சனியனை எப்பிடியாவது விடப் பண்ணுங்கோ." செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

குறி தவறுவதற்கு அறைகள் ஒரே அகலமாக இல்லாதது காரணமாகலாம் என்று கழகத்தில் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். உருளையை மட்டும் கழற்றித் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"மூக்குத்திக் காம்பையே அளக்கிற ஆள் நீங்கள். இதையும் ஒருக்கா பாருங்கோ. ஒண்டு பெரிசெண்டால் குண்டு இறுகாது, நெருப்பு பக்கத்து அறைக்குப் பாயும். பிறகு உங்கட தம்பிக்குக் கை இராது" என்று சொல்லிச் சிரித்தான்.

அளந்தேன். ஆறும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன. மறுநாள் அவன் வாங்கிக்கொண்டு போனபோது ஐந்துதான் அப்படி இருந்தன.

"சரியோ அண்ணை?" என்றான். "ஓம் தம்பி" என்றேன். நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன்.

குண்டுகள் சிதறும், அலுத்துப்போய் விட்டுவிடுவான், அவ்வளவுதான் நினைத்தேன் என்று முதலில் உங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். அது பொய். நெருப்பைப் பற்றி அவன் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

சுடும்போது இடக்கையை உருளைக்கு முன்னால் கொடுத்துத் தாங்குவது அவன் பழக்கமாம். பக்கத்து அறையும் சேர்ந்து வெடித்ததில் அந்தக் கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஒரு அறையில் குண்டு இலகுவாக இறங்கியதை அவன் கவனித்திருக்கிறான். நான் அளந்தது என்பதால் பொருட்படுத்தவில்லை. மருந்தைத் தானே பிழையாகப் போட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் ரசம் கொண்டுபோனேன். சட்டைக்குப் பொத்தான் பூட்டிவிட்டேன். "அண்ணை இல்லாட்டி நான் என்ன செய்வன்?" என்றான். வெட்கத்தில் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஞானமலர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனாலும் எதையும் மறைக்கக் கூடாது. அவன் மறுபடி கோயிலுக்கு வரத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நிம்மதியாக இருந்தேன். சோற்றையும் நானே போட்டேன். அவன் பக்கத்தில் நின்றான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை துவாயோடு வந்தான். உள்ளே புது உருளை.

"ஒற்றைக் கையாலையும் சுடலாமாம் அண்ணை. ஞாயிறு போகப்போறன். நீங்கள்தான் அளக்கவேணும். வேற ஒருத்தரையும் நம்பமாட்டன்."

சனிக்கிழமை தருவதாகச் சொன்னேன். இன்று வெள்ளி. யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்திருக்கிறேன். அவனுக்குக் கெடுதல் நினைத்தவன் அல்ல நான். ஒரு மனிதனை நல்ல வழிக்குத் திருப்பப் பார்த்தேன். உருளை என் கடைப் பெட்டகத்தில் இருக்கிறது. இதோ பெட்டகத்தின் திறப்பு, வாங்கிக்கொள்ளுங்கள். யாரையாவது அனுப்பி அளந்து பாருங்கள். ஐந்து அறைகளை நான் தொடவே இல்லை.