ஆத்தியடிக் கதவுப்பாலம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்த ஓடைக்கரையில ஆத்தியடின்னு ஒரு ஊரு இருந்துச்சு. இப்பவும் இருக்கு, எங்கயும் ஓடிப்போயிரல. ஆனா நான் சொல்லுத காலத்துல ரோடு கெடையாது, கரண்டு கெடையாது. ஊருல உள்ளது மொத்தமும் வெயிலு, புழுதி, பயம். அதுல பயத்துக்குப் பெரிய பங்குக்காரங்க மேலவீட்டு ஆளுகதான்னு சொல்லுவாவ.

அந்த மேலவீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவதான் வெயிலாட்சி. பேரைக் கேட்டியளா? வெயிலாட்சி! ஆனா வந்த வீட்டுல உச்சி வெயிலு கண்ணுலயே படக்கூடாது. பொழுது உச்சிக்கு ஏறிட்டா வாசக்கதவைச் சாத்தி, குறுக்குக்கட்டையைப் போட்டு, சன்னல் பொந்துல எல்லாம் துணியைத் திணிச்சு, வீட்டோட இருட்டுக்குள்ள உக்காந்துகிடுவாவளாம். பொழுது சாயுத வரைக்கும் பேச்சு கெடையாது. தும்மல் வந்தாக்கூட முழுங்கிரணும்.

எதுக்கு? உச்சியில ஒண்ணு வருமாம். கதவைத் தட்டுமாம். தெரிஞ்சவங்க குரல்லயே கூப்பிடுமாம். "தண்ணி தாங்க"ன்னு கேக்குமாம். தொறந்தா அந்த வீட்டுல ஒரு உசுரு மிஞ்சாதாம். பதில் பேசாம இருந்தா, தட்டித் தட்டிப் பாத்துட்டு ஓஞ்சு போயிருமாம்.

யாரு பாத்தா? ஒருத்தரும் பாக்கல. யாரு சொன்னா? மாமனாரு சுடலையாண்டி சொன்னாரு. அவருக்கு அவரைப் பெத்த ஆத்தா சொன்னாளாம்.

அவருதான் கதவுக்குக் காவல். குறுக்குக்கட்டை மேல ஒரு கையை வச்சுக்கிடுவாரு. இன்னொரு கையால, வீட்டுல எந்தப் பிள்ளை சின்னதோ அது வாயைப் பொத்திக்கிடுவாரு. மகன் தளவாயை அப்படித்தான் பொத்தி வளத்தாரு. இப்பம் பேத்தி முப்பிடாதி வாயை. அடிக்க மாட்டாரு, வைய மாட்டாரு, நல்ல மனுசன்தான். ஆனா உச்சியானா அந்தப் புகையில நாத்தம் புடிச்ச கை நடுங்கிக்கிட்டே வந்து பிள்ளை வாயில உக்காரும். மேலவீட்டுப் பிள்ளைகளுக்குச் சத்தம் போட்டு அழத் தெரியாதுன்னு ஊரே சொல்லுமாம்.

வந்த புதுசுல வெயிலாட்சி புருசன்கிட்ட கேட்டுப் பாத்தா.

"ஏங்க, பேயின்னா செத்தவ ஒருத்தி இருக்கணும்லா? அது யாரு?"

தளவாய் வாசப்பக்கம் எட்டிப் பாத்துக்கிட்டான். "அதைக் கேக்காத. எங்கய்யா காதுல விழுந்தா சோறு திங்க மாட்டாரு. நான் சின்னதுல ஒருக்க கேட்டுட்டு, பட்டது போதும்."

அதோட அவளும் வாயை மூடிக்கிட்டா. எல்லாரும் நடுங்குத வீட்டுல ஒருத்தி மட்டும் சும்மா இருக்க முடியுமா? அவளும் நடுங்கப் படிச்சுக்கிட்டா.

அப்படி இருக்கையில ஒரு கத்திரி வெயிலு. காக்கா கரையல, நாய் குலைக்கல. தளவாய் மாட்டுச் சந்தைக்குப் போயிட்டான். வழக்கம்போல கதவைச் சாத்தியாச்சு, கட்டையும் போட்டாச்சு. வெளிச்சத்துல இருந்து வந்த கண்ணுக்கு உள்ள ஒண்ணும் தெரியல. பாயில முப்பிடாதி சுருண்டு கெடக்கான்னு வெயிலாட்சி நெனச்சா. மாமனாரும் தடவிப் பாத்தாரு. பிள்ளை தூங்குதுன்னு கையை எடுத்துக்கிட்டாரு.

டக். டக்.

இத்தனை வருசமாப் பயந்தாளே தவிர, அந்தச் சத்தத்தை வெயிலாட்சி ஒருநாளும் கேட்டதில்ல. இப்பம் கேட்டுட்டா.

"வந்துட்டு"ன்னாரு மாமனாரு. காத்து மாதிரிதான் குரலு வந்துச்சாம்.

டக். டக்.

"யம்மா... தண்ணி..."

முப்பிடாதி குரலு! அச்சு அசலா அவ குரலு!

வெயிலாட்சி பாயைத் துழாவுனா. துணி. சுருட்டி வச்ச பழைய சேலை. பிள்ளையக் காணோம். அந்தக் கை வாயில உக்காருமேன்னு பயந்து, கதவு சாத்துததுக்கு முந்தியே அந்தக் குட்டி வெளிய நழுவியிருக்கா. ஓடைப்பக்கம் வெயில்ல சுத்தியிருக்கா, தல கிறங்கவும் வீட்டைத் தேடி வந்திருக்கா. இது எல்லாம் பொறவு தெரிஞ்சது, பாத்துக்கிடுங்க. அப்பம் அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். பாயில பிள்ளை இல்ல.

"மாமா, என் மக வெளிய நிக்கா!"

"இல்ல தாயி. அது அப்படித்தான் காட்டும், அப்படித்தான் கேக்கும். பேசாத."

"பாயில சேலைதான் கெடக்கு மாமா! கட்டையை எடுங்க!"

"பேசாதட்டி... உன்னையக் கும்பிடுதேன், பேசாத!"

மனுசன் ரெண்டு கையாலயும் கட்டையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. வேட்டி நனைஞ்சு போச்சு. வெளிய தட்டுத சத்தம் கொறைஞ்சுக்கிட்டே வருது. "யம்மா"ங்குதது "ம்மா"ன்னு ஆயிட்டு. அப்புறம் பலகையில நகம் உரசுத சத்தம். அப்புறம் அதுவும் இல்ல.

மாமனாரு நீளமா ஒரு மூச்சு விட்டாரு. "ஓஞ்சு போச்சு தாயி. போயிட்டு."

அந்த மூச்சைக் கேட்டதும் வெயிலாட்சிக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சாம்.

"ஓஞ்சு போச்சா? பேயி எதுக்கு மாமா ஓயணும்? அதுக்குக் கை வலிக்குமா? தொண்ட வறளுமா? தட்டித் தட்டி ஓயுதது மனுசப் பிறவிதான்!"

சொல்லிக்கிட்டே பாஞ்சா. அவரு விடல. பயத்துக்கு அம்புட்டு பலம். மாமனாரு முன்னால தல நிமிந்து பேசாதவ, அவரு கையைக் கடிச்சுப்புட்டா! ரத்தம் வந்துட்டு. கை விட்டுட்டு. கட்டை கீழ விழ, கதவு தொறந்து வெயிலு உள்ள கொட்டுச்சு.

படிக்கல்லுல கெடந்தா முப்பிடாதி. உதடு வெடிச்சு, கண்ணு சொருகி, ஒரு கை கதவு இருந்த பக்கம் நீண்டு கெடக்கு. வெயிலாட்சி வாரி எடுத்தா. மொகத்துல தண்ணி அடிச்சா, வாயில சொட்டுச் சொட்டா விட்டா, பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டா. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் பிள்ளை முழுங்குச்சு. கண்ணைத் தொறந்து தாயைப் பாத்துட்டு, வாயைத் தன் கையாலயே பொத்திக்கிட்டு அழுதுச்சாம். பெத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

வீட்டுல ஒரு உசுரும் போகல. கேட்டியளா? ஒண்ணுகூடப் போகல.

சுடலையாண்டி பிள்ளையப் பாக்க வரல. படிக்கல்லையே பாத்துக்கிட்டு நின்னாரு.

"என் அத்தையும் இப்படித்தான் கெடந்தா"ன்னாரு.

வெயிலாட்சி நிமிந்து பாத்தா. "எந்த அத்தை மாமா?"

"மாடத்தி அத்தை. எங்கய்யாகூடப் பொறந்தவ. பூவரசடின்னு பக்கத்து ஊருல கட்டிக் குடுத்திருந்துச்சு. கொள்ளைநோவு வந்து அங்கன புருசன் பிள்ளை எல்லாம் போயிட்டு. இவ ஒத்தையில ஓடையைத் தாண்டி வந்தா. உச்சி நேரம். கதவைத் தட்டுனா. 'மதினி, தண்ணி தாங்க'ன்னு கேட்டா. எங்காத்தா கட்டையைப் போட்டுட்டா."

"தெரிஞ்சுதானா?"

"தெரிஞ்சுதான். உள்ள நாங்க பச்சப்பிள்ளைகளாக் கெடந்தோம், நோவு உள்ள வந்துருமேன்னு பயந்தா. நான் 'அத்தே'ன்னு கத்துனேன். வாயைப் பொத்திக்கிட்டா. 'அது உன் அத்தை இல்லடா, பேயி'ன்னு காதுல சொன்னா. பொழுது சாஞ்சு தொறந்து பாத்தா இந்தக் கல்லுலதான் கெடந்தா. ஓடைக்கரையில ஒருத்தருக்கும் தெரியாமப் பொதைச்சாச்சு. பூவரசடியிலயே செத்துட்டான்னு ஊருக்குச் சொல்லியாச்சு. அன்னையில இருந்து எங்காத்தா சாகுத வரைக்கும் உச்சியில ஒரு வாய் தண்ணி குடிக்கல."

"உங்களுக்குத் தெரியும்தானே மாமா, அது பேயி இல்லன்னு?"

"தெரியும் தாயி. ஆனா பேயின்னு வச்சுக்கிட்டா எங்காத்தா தப்பிச்சா. நானும் தப்பிச்சேன்."

சொல்லிட்டு அந்த மனுசன் வாயைத் தொறந்து அழுதாரு பாருங்க, ஊரே ஓடி வந்துச்சாம். மேலவீட்டுல அழுகச் சத்தம் கேட்டது அன்னைக்குத்தான் மொத தடவை.

தளவாய் சந்தையில இருந்து திரும்பி வாறான், வீட்டுக்குக் கதவைக் காணோம்! வெறும் வாசல்நிலைதான் நிக்கி.

"ஏட்டி, கதவு எங்க?"

"ஓடையில கெடக்கு. உங்க அத்தைப்பாட்டியப் பொதைச்ச எடத்துக்கிட்ட, குறுக்கப் போட்டுட்டேன். போறவ வாறவ மிதிச்சுக்கிட்டுப் போகட்டும். ஒருத்திய வெளிய நிறுத்துன பலக, இனி எல்லாரையும் உள்ள கொண்டாரட்டும்."

அவன் அய்யா கையில இருந்த கடியைப் பாத்துட்டு ரெண்டு எட்டு தள்ளி நின்னுக்கிட்டானாம். பேசுனா கடி விழும்னு தெரிஞ்சிருக்கும்.

அந்தப் பலக இத்துப் போயி, பனந்தடி போட்டு, இப்பம் சிமெண்டுல கட்டியாச்சு. போர்டுல வேற என்னமோ பேரு எழுதியிருக்கு. நமக்கு அது கதவுப்பாலம்தான். மேலவீட்டு நிலைக்கு இன்னும் கதவு கெடையாது. புதுப்பொண்ணு வந்து நின்னா, மொதல்ல உள்ள இருந்து "மாடத்தி, உள்ள வா"ன்னு ஒரு குரல் குடுத்து, படிக்கல்லுல ஒரு செம்புத் தண்ணிய ஊத்துவோம். அதுக்குப் பொறவுதான் பொண்ணு. உச்சியில நம்ம ஊருல எந்தக் கதவும் சாத்துததில்ல, வந்தவரை யாருன்னு கேக்குததும் இல்ல.

பயம் போயிருச்சான்னு கேக்கியளா? எங்க போகும்? நேத்து உச்சியில காத்துக்கு நான் வாக்கப்பட்ட வீட்டுக் கதவு டக்குன்னு அடிச்சுச்சு. நானும் அந்த முப்பிடாதி வழியில பொறந்தவதான். கை நடுங்குது. நடுங்குன கை போயி எடுத்தது தண்ணிச் செம்பை.