ஒரு தண்ணிக்கு ஒரு கப்பல்

எனக்குத் தேநீரில் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர். இனிப்பு நீர் வியாதி வந்து சில வருடங்களாகின்றன. என் மனைவி யோகாம்பாள் அளந்து வைப்பதைத்தான் சாப்பிடுகிறேன். மாலையில் ஆற்றங்கரையில் நடக்கிறேன். மருந்தை மறப்பதில்லை. என் வயதுக்காரர்கள் பலர் உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு கடவுளைத் திட்டுகிறார்கள். நான் கடவுளைக் கூப்பிடுவதே இல்லை, அதனால் திட்ட வேண்டிய தேவையும் வந்ததில்லை.

சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் உங்கள் மேசைமேல் வைத்துவிட்டேன். கண்ணாடி, கைக்குட்டை, சாவிக்கொத்து, அந்தச் சின்னத் தகர டப்பா. நீங்கள் கேளுங்கள், நான் சொல்கிறேன். நான் கூனிக்குறுகிப் பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். செத்தவர்கள் இரண்டு பேர் என்பது எனக்குத் தெரியும். முனையம் சாகவில்லை என்பதும் தெரியும். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் யாரும் என்னிடம் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்.

இந்தக் கோலா சிலாங்கூரில் ஆறு கடலில் விழும் இடத்தில் நான் மேலாளராக வேலை பார்க்கும் சரக்கு முனையம் இருக்கிறது. ஆட்கள் அதை ஜெட்டி என்பார்கள். செகிஞ்சான் வயல்களுக்கு உரம் அதன் வழியாகத்தான் வருகிறது. சுங்கை ஆயர் தாவார் பக்கத்துக் கொப்பரை கப்பலில் வந்து இங்கே இறங்கித்தான் எண்ணெய் ஆலைக்குப் போகிறது. அரசாங்கத்தின் கையில் இருந்தவரை கப்பல் வந்தால் வந்தது, போனால் போனது. எண்பத்தாறில்தான் எல்லாம் மாறியது. பெரிய துறைமுகத்தையே தனியாரிடம் கொடுக்கும் காலம், எங்கள் சின்ன முனையத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? ஒரு கம்பெனி எடுக்க முன்வந்தது.

கம்பெனியின் சார்பில் கோலாலம்பூரிலிருந்து சிவானந்தம் வந்தார். நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம், மண்ணில் படாத சப்பாத்து. முகத்துவாரத்து மணல் திட்டைக் காட்டினேன். கடல் ஓதத்தில் தண்ணீர் ஏறும்போதுதான் கப்பல் உள்ளே வர முடியும், மறுபடி ஏறும்போதுதான் வெளியே போக முடியும், அந்த ஏற்றத்தைத்தான் ஆட்கள் ‘தண்ணி’ என்பார்கள் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

“ஒரு தண்ணிக்கு ஒரு கப்பல், மிஸ்டர் அம்பிகைபாகன். வர்ற தண்ணியில வரணும், அடுத்த தண்ணியில போகணும். முடியலன்னா இந்த ஜெட்டிய இழுத்து மூடிட்டு எல்லாத்தையும் லோரியில கிள்ளானுக்கு அனுப்பிடுவோம். உங்க வேலைக்கும் நான் கேரண்டி இல்ல.”

அன்றைக்கே வழி தேடத் தொடங்கினேன். என் வேலைக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபின் லயத்து வீடுகளைவிட்டு வந்த ஆட்கள்தான் என் முனையத்தில் மூட்டை தூக்குகிறார்கள். இதுவும் போனால் அவர்கள் எங்கே போவார்கள்? இப்போது அவர்களுக்காகக் கண்ணீர் விடுகிற யாரும் அன்றைக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முனையத்தைத் தாமதமாக்கியது எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கிரேன் அல்ல, லோரியும் அல்ல. ஒரு துண்டு சூடம்.

நல்லசாமி என்று ஒரு மண்டோர், இறக்குகிற ஆட்களுக்குத் தலைவன். எடைமேடைக்குப் பக்கத்தில் காட்டு மரத்தடியில் ஒரு முனி இருக்கிறார். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். கொப்பரைக் கப்பல் வந்து மூடியைத் திறந்ததும் நல்லசாமி ஒரு தகரத் தட்டில் சூடத்தை ஏற்றி, முனியைக் கும்பிட்டுவிட்டு, தட்டைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்குவான். சூடம் எரிந்தால் முனி உத்தரவு கொடுத்துவிட்டார், இறங்கலாம். அணைந்தால் உத்தரவு இல்லை. எல்லோரும் புஷ்பவள்ளியின் கடைக்குத் தே குடிக்கப் போய்விடுவார்கள். பிறகு வந்து மறுபடி ஒரு சூடம். சில நாட்களில் அப்படியே தண்ணீர் இறங்கிவிடும், கப்பல் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

“ஐயா, முனி இன்னும் உத்தரவு குடுக்கல. இந்தத் தண்ணி போனா போவட்டும் லா, அடுத்த தண்ணிக்கு எறக்கிக்கலாம்” என்பான். அவன் முகத்தில் ஒரு கவலையும் இருக்காது. நான் கத்துவேன். அவன் சிரிப்பான். அப்பாவியான சிரிப்பு. அவனை எனக்குப் பிடிக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதை எப்படி நிறுத்துவது? பூசையை நிறுத்து என்றால் வேலை நிறுத்தம் வரும். கம்பெனி பயந்து ஓடிவிடும். ஆனால் கொப்பரை இருக்கும் இடத்தில் நெருப்புக் கூடாது என்பது எந்த முனையத்திலும் உள்ள விதி. கொப்பரை தானாகவே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது. அதன்மேல் எரிகிற சூடத்தை இறக்குகிறவனை எந்தக் காப்புறுதிக்காரன் ஏற்றுக்கொள்வான்? என் பக்கம் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அதனால் நானே கிள்ளானுக்குப் போய் ஒரு விளக்கு வாங்கி வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்களே, பேட்டரியில் எரிகிற விளக்கு, சுடர் மாதிரியே சிவப்புக் கண்ணாடி போட்டது. நல்லசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஐயா, இது நெருப்பு இல்லியே. முனி ஏத்துக்குவாரா?”

“கிள்ளான் கோயிலிலை மேளத்துக்கே மிஷின் வந்திட்டுது, நல்லசாமி. மணியும் கரண்டிலைதான் அடிக்குது. சாமி எழும்பிப் போயிட்டாரோ?”

அவன் யோசித்தான். அன்றைக்கு முழுக்க விளக்கை முனியின் காலடியில் வைத்திருந்தான். எலுமிச்சம்பழம் நறுக்கி, வேப்பிலை கட்டி, அதற்குக் குங்குமம் வைத்தான். மாலையில் என் அறைக்கு வந்து, “ஏத்துக்கிட்டாரு ஐயா” என்றான். குழந்தைக்குப் புதுச் சட்டை போட்டுப் பார்த்தவனைப்போல அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. நான் அவன் சாமியைப் பழிக்கவில்லை, பறிக்கவும் இல்லை. காலத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு முனி மறுத்ததே இல்லை. கப்பல் வரும், மூடி திறக்கும், விளக்கு இறங்கும், ஆட்கள் இறங்குவார்கள். தண்ணீர் ஏறும்போது கப்பல் கிளம்பிப் போகும். சிவானந்தம் தொலைபேசியில் என்னைப் பாராட்டினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் கம்பெனியின் பெரிய ஆட்களை அழைத்து வந்து நேரில் காட்டுவதாகச் சொன்னார்.

அவர்கள் வந்த நாளைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

அன்றைக்கு வந்த கப்பல் மழையில் மாட்டிக்கொண்டு ஒரு வாரத்துக்கு மேலாக மணல் திட்டுக்கு வெளியே நின்றது. கொப்பரை நனைந்திருந்தது. மூடியின்மேல் கான்வாஸைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மூடியைத் திறந்தபின் அரை மணி நேரம் அப்படியே விட வேண்டும் என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். விதி வைத்தவன் நான் என்பதை மறக்காதீர்கள். ஆனால் விருந்தாளிகள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். தண்ணீரும் நமக்காகக் காத்திருக்காது. நல்லசாமி என்னைப் பார்த்தான், நான் தலையை அசைத்தேன்.

விளக்கு கீழே போயிற்று. இருட்டில் சிவப்பாக அழகாக எரிந்தது. விருந்தாளிகளில் ஒருவர் அதைப் படம் எடுத்தார். நல்லசாமியின் மருமகன் அர்ஜுனன் முதலில் இறங்கினான். நல்ல உடம்புக்காரன், ஏணியைப் பார்க்காமலே இறங்குவான். அடிக்குப் போனவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டப் போகிறவன் மாதிரி மெதுவாகக் குனிந்து உட்கார்ந்தான். பிறகு அப்படியே சாய்ந்துவிட்டான்.

“பசியில மயங்கிட்டான் லா. காலையில ஒண்ணும் சாப்புடல” என்று நல்லசாமி சொல்லிக்கொண்டே ஏணியில் கால் வைத்தான். மேலே இருந்தவர்கள் தயங்கினார்கள். “வெளக்கு எரியுது பாருங்கடா. முனி கூடத்தான் இருக்காரு” என்று அவர்களுக்குத் தைரியம் சொன்னான். அவன் மருமகனைத் தொடுவதற்குள் அவன் கால்கள் மடங்கிவிட்டன.

மூன்றாவதாக அப்பளசாமி பாய்ந்தான். அவன் ஏணியில் ஒரு கால் வைத்துவிட்டான். நான்தான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து மேல்தளத்தில் தள்ளினேன். “போகாதை, உள்ளுக்குக் காற்று இல்லை” என்று கத்தினேன். என் தொண்டை இன்னும் சரியாகவில்லை. ஒருவன் உயிரை நான் காப்பாற்றினேன். அதை உங்கள் அறிக்கையில் எந்த இடத்தில் எழுதுவீர்கள்?

ஆமாம், ‘காற்று இல்லை’ என்று நான் கத்தியதை எல்லோரும் கேட்டார்கள். உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. வீட்டுக்குப் போனதும் யோகாம்பாளும் இதையேதான் கேட்டாள். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏனப்பா, உங்களுக்கு முந்தியே தெரிஞ்சிருந்ததோ?” என்றாள். நான் கை கழுவப் போனேன். அவள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். தெரியும். நனைந்த கொப்பரையை மூடி வைத்தால் அது உள்ளே இருக்கிற காற்றைத் தின்றுவிடும். நெருப்புக்கு வேண்டியதும் மனிதனுக்கு வேண்டியதும் ஒரே காற்றுத்தான். சூடம் அணைகிற இடத்தில் மனிதனும் அணைவான். நான் கெமிஸ்ட்ரி படித்தவன். நல்லசாமி முதன்முதலாகத் தட்டை இறக்கியதைப் பார்த்த அன்றைக்கே இது எனக்குப் புரிந்துவிட்டது. அவன்தான் பாவம், அதை முனி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

காற்றைச் சோதிக்கும் கருவி வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். வாங்கியிருக்கலாம். அதுவும் சூடம் சொன்னதையேதான் சொல்லியிருக்கும்: பொறு, பொறு என்று. பொறுத்துப் பொறுத்துத்தான் இந்த முனையம் மூடுகிற நிலைக்கு வந்தது. பொறு என்று சொல்லாத ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. கடையில் கிடைத்தது, வாங்கினேன். மற்ற எல்லாக் கப்பலிலும் ஒன்றும் ஆகவில்லையே? ஒரு மழைக்காக, ஒரு கான்வாஸுக்காக என்னைக் கொலைகாரன் என்கிறீர்கள்.

தீயணைப்பு வண்டி வந்து முகமூடி போட்டுத்தான் இருவரையும் தூக்கினார்கள். விளக்கு அப்போதும் அவர்கள் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. மூடியை நன்றாகத் திறந்துவிட்டு, மீதிச் சரக்கை வேறு ஆட்களை வைத்து இறக்கினேன். கப்பல் அடுத்த தண்ணியில் போய்விட்டது. கம்பெனி கையெழுத்துப் போட்டுவிட்டது. முனையம் நிலைத்துவிட்டது.

நேற்று கங்கா என் வீட்டு வாசலுக்கு வந்தாள். நல்லசாமியின் மகள், அர்ஜுனனின் மனைவி. ஒரே நாளில் அப்பனையும் புருஷனையும் எடுத்துப்போட்டுக் கொளுத்தியவள். என்னை ஏச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என் காலைப் பார்த்தபடி கேட்டாள்.

“ஐயா, வெளக்கு எரிஞ்சிக்கிட்டுத்தானே இருந்திச்சி? எங்கப்பா என்னா குத்தம் பண்ணாரு? ஏன் முனி எங்கள இப்படி ஏமாத்திச்சி?”

அவள் அழவில்லை. ஒரு பெண்ணின் நம்பிக்கையில் கை வைப்பது என் வழக்கமில்லை. அவள் முனியைத் திட்டிக்கொண்டே போனாள். முனி தாங்கிக்கொள்வார்.

ஆட்களைச் சாக விட்டுவிட்டு நான் மட்டும் பத்திரமாக மேலே நின்றேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். ஈரக் கொப்பரையைப் பார்க்க, மீதி எவ்வளவு என்று பார்க்க நானும் இறங்க வேண்டியிருக்கும். அதே கப்பல்கள், அதே ஏணி, அதே இருட்டு. எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே? இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

ஏன் அந்த டப்பாவை எடுக்கிறீர்கள்? மூடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், நகத்தால் நெம்புங்கள். அப்படித்தான். வாசனையிலேயே தெரிந்திருக்குமே.

ஆமாம், சூடம்தான். பக்கத்தில் இருப்பது தீப்பெட்டி. இறங்குவதற்கு முன் ஆட்களைத் தே குடிக்க அனுப்பிவிடுவேன். யாரும் இல்லாதபோது ஒரு துண்டை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பேன். நின்று எரிந்தால்தான் ஏணியில் கால் வைப்பேன்.

நீங்கள் இப்படிப் பார்க்க வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் தேவதாஸ். சாமி கும்பிடாதவனுக்குச் சூடம் எதற்கு என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? அது எனக்கு. ஆட்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், முனையத்துக்கு மேலாளர் ஒருவர்தானே.