சூடாக எழுதினால் இரண்டு ரூபாய்

மனு கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. தாலுகா அலுவலகப் பணியில் இருந்தபோது அதைப் பல கோப்புகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். பதில் அனுப்பியதாக நினைவில்லை.

கும்மிடிப்பூண்டியில் புறப்பட்ட மின்ரயிலில், ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்த இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னாள்:

“மாமியாரைத் திட்டி கலெக்டருக்கு மனு எழுதுனேன்க்கா. அப்ப எனக்குப் பதினோரு வயசு.”

“பதினோரு வயசுல ஏதுடி மாமியாரு?”

“அப்ப அவங்க பக்கத்து ஊட்டு அத்தை. எங்க தெருவுக்கே நான்தான் மனு எழுதுவேன். மனுவுக்கு ஒரு ரூபா, சூடா எழுதுனா ரெண்டு ரூபா. அத்தைக்கும் கன்னியம்மான்னு ஒருத்தங்களுக்கும் பாதைத் தகராறு. கன்னியம்மா ரெண்டு ரூபா குடுத்தாங்க.”

“இன்னா எழுதுன?”

“‘பேராசை பிடித்த ராட்சசி’ன்னு.”

“அத்தை சும்மா உட்டாங்களா?”

“அவங்களும் ஒரு மனு குடுத்தாங்க. அதையும் நான்தான் எழுதுனேன். அவங்க ஒரு ரூபாதான் குடுத்தாங்க.”

மூத்தவள் டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள். “அப்பால அந்த ஊட்டுக்கே மருமகளா போய்ட்ட.”

“ஆமா. இப்ப மாமியார் பேருக்கு தாலுகா ஆபீஸ் பதில் வந்துகீது, கன்னியம்மா மனு நகலோட. என் எழுத்து எங்க ஊட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும்.”

“கவரை ஒளிச்சு வெக்கிறதுதானே?”

“அவருதான் பிரிச்சுப் படிச்சாரு. அவருக்கு வாரத்துல ஒரே நாள் லீவு, வியாழக்கிழமை. பதில் வந்தது போன வியாழக்கிழமை.”