ஜன்னலுக்கு மேலே ஒரு சாண்

பிரோஷ்கா: அட, அந்த டேப்பைக் கீழே வை தம்பி. சூப் ஆறுது. காலையில பிடிச்ச கெண்டை!

கெல்லேர்ட்: ரெண்டே நிமிஷம்க்கா. உங்க கடைச் சுவத்துல இருக்கிற இந்தத் தகட்டை அளந்துட்டு... "பெரிய வெள்ளம் இதுவரை." அடேயப்பா, ஜன்னலுக்கு மேலே ஒரு சாண்!

பிரோஷ்கா: பின்னே? டிசா ஆத்தங்கரையில இவ்வளவு தண்ணி பார்த்த கடை வேற கிடையாது. எதிர்க்கரையில பர்னபாஷ் கடைத் தகடு நம்மளதைவிட நாலு விரல் கம்மி!

கெல்லேர்ட்: ஓ... நாலு விரலா...

பிரோஷ்கா: வாய்ச்சவடால் பேர்வழி அவன். புடாபெஸ்ட்ல இருந்து வர்ற உனக்கு இதெல்லாம் எங்கே புரியும்? பிளம் சாராயம் ஊத்தட்டுமா?

கெல்லேர்ட்: வேலை நேரம்க்கா... சரி, அரை கிளாஸ். இந்தாங்க, வெள்ளத் தடுப்புத் திட்டப் படிவம், இதுல ஒரு கையெழுத்து.

பிரோஷ்கா: கரை கட்டத்தானே? தாராளமா...

கெல்லேர்ட்: கரை இல்லக்கா. ஜன்னலுக்குக் கீழே தண்ணி நின்ன வீட்டுக்குத்தான் கரை. மேலே ஏறியிருந்தா இடிச்சுட்டு, மேட்டுல புதுசா கட்டித் தருவாங்க. எல்லாம் அரசாங்கச் செலவு!

பிரோஷ்கா: இடிச்சுட்டா...? என் கடையையா?

கெல்லேர்ட்: புதுக் கடை நல்லா பெரிசா...

பிரோஷ்கா: மேட்டுல எவன் மீன் சாப்பிட வருவான்? முப்பது வருஷமா இந்த ஆத்தைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டறேன். இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?

கெல்லேர்ட்: நான் என்னக்கா பண்ண? தகடு சொல்லுதே...

பிரோஷ்கா: தகடு... சில சமயம்... பொய் சொல்லும் தம்பி.

கெல்லேர்ட்: தகடா?

பிரோஷ்கா: சிரிக்காதே! தண்ணி நிஜத்துல ஜன்னலுக்கு ஒரு சாண் கீழேதான் நின்னுச்சு. அந்த பர்னபாஷ்தான் முதல்ல அவன் தகட்டைக் கழட்டி மேல ஏத்தினான். ஊரே என்னைக் கேலி பண்ணுச்சு. விடுவேனா? நானும் ஏத்தினேன். அவன் மறுபடி... நானும் மறுபடி...

கெல்லேர்ட்: மொத்தம் எத்தனை தடவை?

பிரோஷ்கா: நான் மூணு, அவன் ரெண்டு. ஏன் முழிக்கிற? ஜெயில்ல போட்டுடுவாங்களா?

கெல்லேர்ட்: அவரும் மூணுதான்க்கா. முந்தாநாள் இன்னொரு தடவை ஏத்தியிருக்கார். அவர் கடையும் இடிக்கிற பட்டியல்லதான் இருக்கு. இறக்குங்கன்னு காலையில இருந்து கெஞ்சறேன். "பிரோஷ்கா முதல்ல இறக்கட்டும்"னு ஒத்தக்கால்ல நிக்கிறார். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இறக்கிடுங்கக்கா... சின்ன வயசுலேயே புடாபெஸ்ட் போயிட்டேன், உங்களுக்கு அடையாளம் தெரியல... அவர் எங்க அப்பா.